பூஜ்யமா, ஒன்றா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

கணினி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பட்டியலில் முதலில் நிற்கும் உறுப்புக்கு ஏன் சார் பூஜ்யம் என்று எண் கொடுக்க வேண்டும்? ஒன்று என்று கொடுத்தால் என்ன?" என்பதே அது. "அது அப்படித்தான், பழகிக்கொள்" என்ற விடையோடு பெரும்பாலும் அது முடிந்துவிடும். நானும் பழகிக்கொண்டேன். ஆனால் சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பூஜ்யம் என் தாயாரையும் அவருடன் வேலை செய்யும் பதினொரு பெண்களையும் இரவு ஒன்பதரை மணி வரை நிற்க வைத்துவிட்டது. அதன் பிறகு பழகிக்கொண்டால் மட்டும் போதும் என்று இருக்க முடியவில்லை. தேடிப் படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் தாயார் ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். தந்தையார் தோல் பதனிடும் இடத்தில் டிரம் ஓட்டுகிறார். கல்லூரி வாசலை மிதித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவனே. தேறினால், எங்கள் குடும்பப் பட்டதாரிப் பட்டியலில் நான் முதலாவது ஆள். கணினியின் கணக்கில் பூஜ்யமாவது ஆள்!

முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் அதே கம்பெனியில் எனக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. ஒரு நாள் சூப்பர்வைசர் லேபிள் பட்டியலைக் கையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். "இதற்கு ஒரு புரோகிராம் எழுதிவிடலாம் சார்" என்று நான் வாயைக் கொடுத்தேன். தாயாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்று வரிசை முழுவதும் சொல்லிவிட்டார்.

பைதான் மொழியில் எழுதினேன். ஆர்டர் தாளில் 1-ஆவது வரி 5-ஆம் நம்பர் ஷூ, 2-ஆவது வரி 6-ஆம் நம்பர், இப்படியே 6-ஆவது வரி 10-ஆம் நம்பர். என் நிரலில் 5, 6, 7, 8, 9, 10, 11 என்று ஏழு அளவுகளை ஒரு பட்டியலாக வைத்தேன். வரி எண்ணைக் கொடுத்தால் பட்டியலில் அந்த இடத்தில் உள்ள அளவு லேபிளில் விழ வேண்டும். 1 என்றால் முதல் இடம் என்பது என் எண்ணம். பைதானுக்கோ 1 என்பது இரண்டாவது இடம். ஆகவே 5-ஆம் நம்பர் ஷூ இருந்த பெட்டியில் 6 என்று விழுந்தது, 6-க்கு 7, 10-க்கு 11. அன்றைய ஆர்டரில் ஆறு அளவுகள் மட்டுமே இருந்ததால், பட்டியலின் எல்லையைத் தாண்டிவிட்டாய் என்று கணினி முறையிடவும் வழியில்லாமல் போயிற்று.

சரிபார்க்கும் பெண் ஷூவின் உள்ளே 5, பெட்டியின் மேல் 6 என்பதைக் கவனிக்காமல் இல்லை. "அமெரிக்கா நம்பர் போட்டிருக்காங்க போல" என்று விட்டுவிட்டார். ஒவ்வொன்றிலும் 12 ஜோடியாக 60 அட்டைப்பெட்டிகள் டேப் ஒட்டி அடுக்கியாயிற்று. 61-ஆவது பெட்டியைக் கட்டும்போது என் தாயாரின் கை நின்றது.

"சார், இது லண்டன் சரக்குதானே? லண்டன் சரக்குன்னா உள்ளே இன்னா நம்பரோ வெளியிலயும் அதானே வரும்? அமெரிக்கா சரக்குக்குத்தானே ஒண்ணு கூடும்?"

லேபிள் தன் மகனின் கைவேலை என்று தெரிந்துதான் கேட்டார்.

60 அட்டைப்பெட்டிகளையும் பிரித்து, 720 பெட்டிகளின் லேபிளை உரித்து மாற்றி ஒட்டினோம். கம்பெனி பஸ் ஆறு மணிக்கே போய்விட்டது. அந்த மூன்றரை மணி நேரத்துக்குக் கூலி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது தாயார் என்னைத் திட்டவில்லை. "ஒண்ணு ஏன்டா கூடுது?" என்று மட்டும் கேட்டார். அமெரிக்கச் சரக்கைக் கேட்கிறாரா, என் நிரலைக் கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

முதலில் ஷூவைப் பார்ப்போம். இங்கிலாந்தின் காலணி அளவு வாற்கோதுமை மணியிலிருந்து பிறந்தது. மூன்று மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது அந்நாட்டுப் பழங்கணக்கு. நம்மவர் எட்டு நெல்லை ஒரு விரல் என்று வைத்ததைப் போல. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே ஒரு மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அளக்கப்படுவது, ஷூவை எதன்மேல் இழுத்து உருவாக்குகிறார்களோ அந்த லாஸ்ட் என்னும் கால் அச்சின் நீளம். நான்கு அங்குலத்தில் பூஜ்யம். அங்கிருந்து மணி மணியாக ஏறிக் குழந்தைகளின் 13-க்கு வந்தால் எட்டே மூன்றில் ஒரு பங்கு அங்குலம். அந்த இடத்தை மறுபடியும் பூஜ்யமாகக் கொண்டு பெரியவர் கணக்கு தொடங்குகிறது. குழந்தைகளின் 13-க்கு அடுத்தது 14 அன்று, பெரியவர் 1! பெரியவர் 8 என்றால் அந்தப் பூஜ்யத்திலிருந்து எட்டு மணி; மொத்தம் சரியாக 11 அங்குலம்.

அமெரிக்காவிலும் ஆடவர் காலணிக்கு அதே மணி, அதே இடைவெளிதான். அவர்கள் பூஜ்யத்தில் தொடங்காமல் ஒன்றில் எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவே. ஆகவே இங்கிலாந்தின் 8 அங்கே 9 ஆகிறது. (பெண்கள் காலணியின் கணக்கு வேறு, அதற்குள் போனால் இக்கட்டுரை முடியாது.) ஐரோப்பியர் கணக்கில் ஒரு நம்பர் என்பது ஒரு செ.மீ.-இல் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் பூஜ்ய நீளத்திலிருந்தே தொடங்குகிறது. 11 அங்குலம் 27.94 செ.மீ.; அதை ஒன்றரையால் பெருக்கினால் 41.9. அதனால்தான் நம் ஊர் ஷூ பெட்டிகளில் 8, 9, 42 என்ற மூன்று எண்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி சிறிது முன்பின் இருக்கலாம். ஆனால் 8-க்கும் 9-க்கும் இடையே தோல் ஒரு நூலளவும் கூடவில்லை. எண்ணத் தொடங்கிய இடம்தான் வேறு.

எண் என்பது இருவகைக் கேள்விகளுக்கு விடையாக வரும். "இது எத்தனையாவது?" என்பது ஒன்று. "இதற்கு முன் எத்தனை கடந்தன?" என்பது மற்றொன்று. வரிசையின் தலையில் நிற்பவரைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டால் விடை ஒன்று; இரண்டாவதைக் கேட்டால் விடை பூஜ்யம். இரண்டும் சரியே.

தமிழ் பேசும் நாம் இவ்விரண்டையும் அன்றாடம் கலந்தே ஆள்கிறோம். வயதைச் சொல்லும்போது, "இருபது முடிந்து இருபத்தொன்று நடக்கிறது" என்கிறோம். முடிந்தது, கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கை; நடப்பது, எத்தனையாவது ஆண்டு என்பது. ஒரே மூச்சில் இரண்டு முறையிலும் வயதைச் சொல்லிவிடுகிறோம்! "இன்றைக்கு எட்டாம் நாள்" என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. வாரத்துக்கு ஏழு நாள்தானே என்றால், இன்றையும் ஒன்று என்று சேர்த்து எண்ணுகிறோம். வீட்டைப் பற்றிய பேச்சிலோ தலைகீழ். தரையில் இருப்பது வெறும் வீடு. அதற்கு மேல் வந்தால்தான் முதல் மாடி. இரண்டாவது தளத்துக்கு "முதல்" என்ற பெயரை ஒருவரும் குறையாகச் சொல்வதில்லை. அமெரிக்கர் தரைத்தளத்தையே முதல் தளம் என்பர். இங்கிலாந்தார் நம்மைப் போலவே மேலே உள்ளதை முதல் தளம் என்பர். ஷூ நம்பரில் கண்ட அதே சண்டை மாடிப்படியிலும் நடக்கிறது.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியின் நினைவகம் முகவரிகள் வரிசையாக இடப்பட்ட நீண்ட தெருவைப் போன்றது. ஒரு பட்டியல் 2000 என்ற முகவரியில் தொடங்குவதாகவும் ஒவ்வோர் உறுப்புக்கும் 4 பைட் இடம் வேண்டும் என்றும் கொள்வோம். தலை உறுப்பு 2000-இலேயே இருக்கிறது. அடுத்தது 2004, அதற்கடுத்தது 2008. ஓர் உறுப்பைத் தேட, தொடக்க முகவரியோடு "எண் பெருக்கல் 4" என்பதைக் கூட்ட வேண்டும். தலை உறுப்பின் எண் பூஜ்யமானால் இக்கணக்கு நேராக வரும். ஒன்றானால் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழித்த பிறகே பெருக்க வேண்டும். ஆகவே நிரலில் நாம் எழுதும் பூஜ்யம் ஒரு பெயரன்று, தொலைவு. தொடக்கத்திலிருந்து எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்ற கணக்கு. தலை உறுப்புக்கு ஓர் அடியும் வேண்டாம்.

1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி ஒன்றிலிருந்தே எண்ணியது. அது அறிவியலாளருக்கான மொழி. அணிக்கோவைகளில் முதல் நிரை, முதல் நிரல் என்று எழுதிப் பழகியவர்கள் அவர்கள். அல்கால் 60 மொழியோ, தொடக்கமும் முடிவும் எதுவாக இருக்கலாம் என்பதை எழுதுபவரிடமே விட்டுவிட்டது. நிக்லாஸ் விர்த் 1970-இல் தந்த பாஸ்கலும் அப்படியே. 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் என்பார் கேம்பிரிட்ஜில் அமைத்த பி.சி.பி.எல். என்ற சிறு மொழியில்தான் பட்டியலின் எண் வெளிப்படையாகவே முகவரியோடு கூட்டும் தொலைவாயிற்று. அதன் வழியில் வந்தது பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழி. சி மொழியில் "அ என்ற பட்டியலின் 3-ஆம் உறுப்பு" என்று எழுதினால், "அ-வின் முகவரியோடு 3-ஐக் கூட்டி அங்கே இருப்பதை எடு" என்பதே அதன் இலக்கணம். கூட்டலில் முன்பின் மாறினாலும் விடை மாறாதல்லவா? அதனால் அ-வையும் 3-ஐயும் இடம் மாற்றி எழுதினாலும் சி மொழி முகம் சுளிக்காது. விளையாட்டாக முயன்று பாருங்கள், தேர்வில் வேண்டாம். சி-யின் வழியிலேயே ஜாவா சென்றது. 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைதானும் பூஜ்யத்தையே கொண்டது.

ஒரு கழித்தலை மிச்சம் பிடிக்கவா இத்தனை பாடு என்று கேட்கலாம். உண்மையில் அந்தக் கழித்தலை மொழிபெயர்ப்பி நிரல் ஓடுவதற்கு முன்பே செய்துவிட முடியும். பட்டியல் 2000-இல் தொடங்கினால் 1996 என்று குறித்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அதற்குப் பின் 1 என்றாலே 2000 வரும். ஆகவே வேகம் மட்டுமே காரணமென்றால் பூஜ்யத்தின் வழக்கு நிற்காது.

வலுவான வேறொரு காரணத்தை நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 11-8-1982 தேதியிட்ட ஒரு சிறு குறிப்பில் காட்டினார். 2 முதல் 12 வரையுள்ள எண்களை எல்லை கட்டிச் சொல்ல நான்கு வழிகள் உண்டு: இரு முனைகளையும் சேர்ப்பது, இரண்டையும் விடுவது, தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விடுவது, முடிவைச் சேர்த்துத் தொடக்கத்தை விடுவது. அவர் தேர்ந்தது மூன்றாம் வழி: "2-இல் தொடங்கி 13-க்குக் குறைவாக". இதில் 13-இலிருந்து 2-ஐக் கழித்தால் வரும் 11-தான் எண்களின் எண்ணிக்கை. ஒரு தொகுதி முடியும் எண்ணிலேயே அடுத்த தொகுதி தொடங்கும். இடையில் ஒட்டும் வேலை இல்லை. ஜெராக்ஸ் ஆய்வு மையத்தின் மெசா என்ற மொழியில் நான்கு வழிகளுக்கும் இடமிருந்தது என்றும், மற்ற மூன்றும் அங்கே பிழைகளுக்கு ஊற்றாக இருந்தன என்றும் அவர் எழுதியிருக்கிறார். இவ்வழியை ஏற்றால், 12 பொருள்களை ஒன்றிலிருந்து எண்ணும்போது "1 முதல் 13-க்குள்" என்று எழுத வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் "0 முதல் 12-க்குள்". எது அழகு என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இது பேக்கிங் பிரிவில்தான் விளங்கியது. ஓர் அட்டைப்பெட்டிக்கு 12 ஜோடி. ஜோடிகளுக்கு 0, 1, 2 என்று எண்ணிட்டால், எந்த ஜோடி எந்த அட்டைப்பெட்டிக்கு என்பதை 12-ஆல் வகுத்த ஈவு சொல்லிவிடும். 0 முதல் 11 வரை ஈவு 0. 12 முதல் 23 வரை ஈவு 1. மீதி, பெட்டிக்குள் எத்தனையாம் இடம் என்பதைச் சொல்லும். அதையே ஒன்றிலிருந்து எண்ணி வகுத்துப் பாருங்கள். 1 முதல் 11 வரை ஈவு 0. 12-ஆம் ஜோடி வந்ததும் ஈவு 1. முதல் பெட்டியில் 11 ஜோடிதான் விழும்! சரி செய்ய, ஒன்றைக் கழித்து, வகுத்து, மறுபடி ஒன்றைக் கூட்ட வேண்டும். இந்தக் கழித்தலையோ கூட்டலையோ மறந்த இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் குடியிருக்கின்றன.

இப்படிச் சொல்வதால் ஒன்றின் பக்கம் நிற்பவர்கள் அறியாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள். புள்ளியியல் மாணவர் ஆளும் ஆர் மொழி, பொறியாளரின் மேட்லேப், 1993-இல் பிரேசிலில் பிறந்த லூவா, 2012-இல் வெளிவந்த ஜூலியா எல்லாம் ஒன்றிலிருந்தே எண்ணுகின்றன. அவர்கள் முகவரியோடு உறவாடுவதில்லை. அட்டவணையோடும் சூத்திரத்தோடும் உறவாடுகிறார்கள். பாடநூலில் முதல் உறுப்பு என்றிருப்பதை நிரலிலும் 1 என்றே எழுதினால் அவர்களுக்குப் பிழை குறையும். வருகைப்பதிவேட்டில் பூஜ்யமாம் எண் மாணவர் யாராவது உண்டா?

பூஜ்யத்தை உலகுக்கு அளித்த நாடு நம்முடையது என்று மேடைதோறும் கேட்கிறோம். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் பூஜ்யத்தைக் கொண்டு கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்தார் என்பது உண்மை. ஆனால் நம் பழைய தமிழ் எண்முறையில் பூஜ்யத்துக்குக் குறி கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்ததால் அது தேவைப்படவில்லை. யூனிகோடு முறையில் தமிழ் எண்களுக்கு இடம் ஒதுக்கியபோது ௧ என்பதற்கு 3047-ஆம் இடம் கிடைத்தது; ௯ என்பதற்கு 3055. 3046-ஆம் இடம் காலியாகவே கிடந்தது. 2005-இல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பில்தான் தமிழ்ச் சுழி ௦ அங்கே வந்து அமர்ந்தது. இன்று ௦ முதல் ௯ வரை எந்தத் தமிழ் எண்குறியின் இடத்திலிருந்தும் 3046-ஐக் கழித்தால் அதன் மதிப்பு வந்துவிடும். ஆள் வருவதற்கு முன்பே நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள்! மற்ற இந்திய மொழிகளோடு ஒத்த அமைப்பில் தமிழுக்கும் இடங்களை ஒதுக்கியதால் நேர்ந்த நன்மை இது.

நம் ஊர்ச் செய்தி ஒன்றையும் சேர்க்க வேண்டும். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரின் கால்களை அளந்தது. "பா" என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவுமுறை முன்வைக்கப்பட்டதை 2024-இல் செய்தித்தாள்கள் எழுதின. கைக்குழந்தை முதல் வளர்ந்த ஆடவர் வரை எட்டுப் பிரிவுகள். அவற்றுக்கு 1 முதல் 8 வரை எண்கள். இங்கே பூஜ்யம் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஏனெனில் இவை நீளங்கள் அல்ல, பிரிவுகளின் பெயர்கள். இங்கிலாந்தின் 8 ஒரு தொலைவு. இந்த 8 ஒரு பெயர். இரண்டும் ஒரே பெட்டியில் அச்சாகும் நாள் வந்தால் என் தாயார் போன்றவர்களுக்கு வேலை கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனையையும் படித்த பின் என் கருத்து இது. நிரலின் உள்ளே பூஜ்யமே இருக்கட்டும். மனிதர் எழுதும் தாளிலும் படிக்கும் லேபிளிலும் ஒன்றே இருக்கட்டும். ஒன்றைக் கழிப்பது, தாளிலிருந்து எண் உள்ளே நுழையும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். என் நிரலில் அந்த இடமே இல்லை. வாசற்படி இல்லாத வீடு கட்டிவிட்டு, தடுக்கி விழுந்ததற்குப் பூஜ்யத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைத் தாயாருக்குச் சொல்ல முயன்றேன். முகவரி, நினைவகம் என்று தொடங்கி நானே குழம்பினேன். கடைசியில் என் மரஸ்கேலை எடுத்துக் கொடுத்து, "இதில் முதல் கோடு எதும்மா?" என்றேன். விரலைப் பூஜ்யத்தின் மேல் வைத்தார். "முதல் கட்டம்?" என்றேன். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே தடவிக் காட்டினார். சிறிது நேரம் ஸ்கேலையே பார்த்திருந்துவிட்டு, "கோட்டுக்குப் பூஜ்யம், கட்டத்துக்கு ஒண்ணு. லண்டன்காரன் கோட்டை எண்றான், அமெரிக்காக்காரன் கட்டத்தை எண்றான். இதுக்கா அம்மாம் நேரம் நிக்க வெச்சே?" என்றார்.

அரையாண்டு விடுமுறைக்குச் சற்று முன் சூப்பர்வைசரிடமிருந்து ஆள் வந்தது. அந்தப் புரோகிராமைத் திருத்திக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார். திருத்தினேன். இம்முறை ஏழு அளவுகளையும் கொடுத்து, ஒவ்வொரு லேபிளையும் வெள்ளைத் தாளில் அச்சிட்டு வீட்டிலேயே சரிபார்த்தேன். கிளம்பும்போது தாயார் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"ஒண்ணைக் கழிச்சிட்டியா?"

"கழிச்சிட்டேன்மா. ஒரே இடத்துல."